செத்தது கம்ப்ரசர், கொன்னது பலூன்



வீரசக்கதேவி கோயில் விழா சமயத்தில் நான் போட்ட படங்களில், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு கார் நின்றதைப் பலரும் கவனித்திருக்கிறீர்கள். பின்பக்கம் இடது மூலை மட்டும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. "டீச்சர், பஞ்சரா?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். "கரிசல் மண்ணுல சக்கரம் புதைஞ்சிட்டா சித்தி?" என்று சென்னையிலிருந்து ஒரு கேள்வி. இரண்டும் இல்லை. அந்தக் காருக்கு நேர்ந்தது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். உங்களில் லாரி, பஸ், டிரெய்லர் ஓட்டுகிறவர்களும், பழைய பெரிய கார் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது.

கார் என் அக்கா மகனுடையது. கோயம்புத்தூரில் இருக்கிறான். எட்டு வருஷம் ஓடிய வெளிநாட்டுக் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. என் அக்காவுக்கு எழுபத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவள். உயரமான வண்டியில் ஏறவும் முடியாது, தாழ்ந்த வண்டியிலிருந்து எழுந்திருக்கவும் முடியாது. இந்தக் காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். அம்மா உட்கார்ந்த பிறகு எழுந்து நிற்கும். "யானை பாகனுக்குக் காலை மடக்கிக் கொடுக்கிற மாதிரி இருக்குடி" என்று அக்கா போனில் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

விழா நாட்களில் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும் என்பதால் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். சாயந்திரம் வந்தபோது கார் நன்றாகத்தான் நின்றது. விடிந்து பார்த்தால் ஒரு மூலை படுத்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் பின்பக்கத்திலிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம் நிற்காமல் கேட்டது. வண்டி பாதி எழுந்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. முன்னால் திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது.

அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். காரணம், எட்டு மாதம் முன்புதான் இதே கோளாறுக்கு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசரைப் புதுசாக மாற்றியிருக்கிறான். எண்பத்திரண்டாயிரம் ரூபாய். வாரண்டி ஆறு மாதம். இப்போது அதே இடத்துக்குப் போன் போட்டால், "கம்ப்ரசர் போயிருக்கும் சார், மாத்தணும்" என்று மறுபடியும் அதே பதில்.

அந்தக் கம்ப்ரசர் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண வண்டியில் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே இரும்பு ஸ்பிரிங் இருக்கும். லாரியில் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும். காரில் சுருளாக இருக்கும். ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் அந்த இடத்தில் கெட்டி ரப்பரால் ஆன ஒரு பலூன் இருக்கும். நம் ஊர் மெக்கானிக்குகள் பலூன் என்றே சொல்கிறார்கள். அதற்குள் அடைத்து வைத்த காற்றின் மேல்தான் வண்டி உட்கார்ந்திருக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். முதலில் இறங்கும், போகப் போக எதிர்த்துத் தள்ளும். இடம் சுருங்கினால் அழுத்தம் கூடும். 1662ல் ராபர்ட் பாயில் எழுதி வைத்த விதி. அதைத்தான் உங்களுக்குப் பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

இரும்பு ஸ்பிரிங்குக்கு ஆள் ஏறினால் வண்டி தாழும், இறங்கினால் உயரும். காற்றுப் பலூனில் அப்படி இல்லை. சக்கரத்தின் அருகே உயரத்தை அளக்கிற ஒரு சென்சார் இருக்கும். வண்டி தாழ்ந்தால் அது சொல்லும். வால்வு திறந்து இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே போகும். ஆள் இறங்கினால் காற்று வெளியே விடப்படும். பத்துப் பேர் இருந்தாலும் ஐம்பது பேர் இருந்தாலும் வண்டி ஒரே உயரத்தில் நிற்கும். அந்தக் காற்றை உற்பத்தி செய்து கொடுப்பதுதான் கம்ப்ரசர். பஸ், லாரிகளில் என்ஜினே அதை ஓட்டும். பிரேக்குக்குப் போகிற காற்றும் அதே கம்ப்ரசரிலிருந்துதான் வருகிறது. கார்களில் பேட்டரியில் ஓடும் சின்ன மின்மோட்டார் கம்ப்ரசர், ஒரு தேங்காய் அளவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் 1957லேயே காடிலாக் கம்பெனி எல்டொராடோ புரூம் என்ற காரில் இதை வைத்து விற்றது. காற்றுக் கசிவுத் தொல்லை தாங்காமல் வாங்கியவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருளுக்கு மாறிவிட்டார்கள். நம் நாட்டில் 2001ல் வோல்வோ பி7ஆர் பஸ் வந்த பிறகுதான் தூரப் பயணம் போகிற சாதாரண மக்களுக்கு இந்தச் சொகுசு தெரிய வந்தது. இப்போது சென்னைக்குப் போகிற ஆம்னி பஸ்ஸில் நீங்கள் குலுங்காமல் தூங்கிப் போகிறீர்கள் என்றால், பெரும்பாலும் உங்களுக்குக் கீழே காற்றுதான் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஒரு மாணவன் ஞாபகம் வந்தான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. உங்களில் அவனோடு படித்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்துத் தையல் மிஷினையும், தண்ணீர்க் குழாயையும், தலைமையாசிரியர் அறையில் ஓடாமல் கிடந்த மேசை விசிறியையும் சரிசெய்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, இப்போது துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் டிரெய்லர்களுக்கும் பஸ்களுக்கும் ஏர் பிரேக், ஏர் சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறான். தூத்துக்குடி பைபாஸ் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. போன் போட்டேன்.

"என்ன டீச்சர், சொகமா இருக்கீயளா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "வண்டிய அசைக்காதீய. ஓட்டிக்கிட்டு வந்தா டயர் மேல உரசி அதுவும் போயிரும். நான் வருதேன்" என்றான்.

மதியத்துக்குள் ஒரு லோடு ஆட்டோவில் வந்துவிட்டான். சாமான்களில் என் கண்ணில் முதலில் பட்டது, நாலு இரும்பு ஸ்டாண்டும், ரயில்வே தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய மரக்கட்டைகளும்தான். கருவிப் பெட்டி அப்புறம்தான் இறங்கியது.

அக்கா மகன் அவசரப்பட்டுக் காருக்கு அடியில் தலையை விட்டு மொபைல் வெளிச்சம் அடிக்கப் போனான். இவன் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், மரத்தில் இருந்த காக்கை பறந்துவிட்டது. "அண்ணாச்சி, வெளிய வாங்க!"

அப்புறம்தான் காரணம் சொன்னான். அவன் வேலை பழகின இடத்தில், அவனோடு வேலை பார்த்த ஒரு பையன், பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஏர் பைப்பைக் கழற்றியிருக்கிறான். ஸ்டாண்டு கொடுக்கவில்லை. பலூன் தாங்கிக்கொண்டிருக்கிறதே என்ற நம்பிக்கை. பைப் கழன்றதும் காற்று ஒரே மூச்சில் போயிற்று. பஸ் இறங்கிவிட்டது. ஜாக்கி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பையனுக்கு வயது இருபத்திரண்டு. கல்யாணம் பேசி வைத்திருந்தார்களாம்.

"இரும்பு ஒடையுறதுக்கு முன்னாடி கொஞ்சம் முனகும் டீச்சர். காத்து சொல்லாமலே போயிரும். காத்த நம்பி கீழ போகக் கூடாது" என்றான்.

எங்கள் கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மேலே காய்ந்து பாளம் பாளமாக இருக்கும். பாரம் வைத்தால் உள்ளே இறங்கும். அதனால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் அந்த மரக்கட்டைகளைப் பரப்பினான். காரின் திரையில் ஜாக்கி போடுவதற்கான நிலைக்கு மாற்றி, வண்டி தானாக ஏறி இறங்காதபடி செய்தான். அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பம்.

ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தான். கம்ப்ரசர் அளவுக்கு மீறி நேரம் ஓடியிருக்கிறது, சூடேறி நின்றிருக்கிறது என்று வந்தது. "அப்ப கம்ப்ரசர்தானே?" என்றான் அக்கா மகன்.

இவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஸ்கேனர் யாரு செத்தான்னுதான் சொல்லும் அண்ணாச்சி. யாரு கொன்னான்னு சொல்லாது."

அப்புறம் என்னிடம் திரும்பி, "டீச்சர், வீட்ல சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டான். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆனாலும் என் வீட்டில் சாக்பீஸ் இல்லாமல் இருக்குமா? கம்ப்ரசர் ஆறிய பிறகு ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு, வண்டியை மெதுவாக ஏற்றி நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே தகட்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து, நாலு மூலை அளவையும் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னான். இரண்டு மணி நேரம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது என்றான். நாங்கள் சாப்பிட்டோம். திரும்ப அளந்தோம். மூன்று மூலையில் ஒரு மாற்றமும் இல்லை. பின்பக்கம் இடது மூலை மட்டும் நாலு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

ஒரு டேப், ஒரு சாக்பீஸ், இரண்டு மணி நேரம் பொறுமை. குற்றவாளி எந்த மூலையில் என்று தெரிந்துவிட்டது. எண்பத்திரண்டாயிரம் ரூபாய் வாங்கிய இடத்தில் இதை யாரும் செய்யவில்லை.

மறுபடியும் ஸ்டாண்டு கொடுத்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினான். பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பிரஷ்ஷால் பலூன் மேல் தடவினான். பைப் சேருகிற இடத்தில் ஒன்றும் இல்லை. பலூனின் ரப்பர் மடிகிற கீழ்விளிம்பில் குட்டிக் குட்டியாக நுரை கிளம்பியது. விரலால் விலக்கிக் காட்டினான். மீன் செதில் மாதிரி ரப்பர் வெடித்திருந்தது. ஆயிரக்கணக்கான தடவை மடிந்து விரிகிற இடம் அது. வயதான ரப்பர், வெயில், மடிப்பில் சிக்கிய மண், எல்லாம் சேர்ந்து அறுத்துவிட்டன.

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதுதான் இந்தப் பதிவின் சாரம்.

பலூனில் சின்னக் கசிவு. வண்டி தாழ்கிறது. சென்சார் தாழ்ந்ததைச் சொல்கிறது. கம்ப்ரசர் ஓடிக் காற்றை நிரப்புகிறது. மறுபடி கசிகிறது, மறுபடி ஓடுகிறது. சில நொடிகள் ஓடி ஓய்வெடுப்பதற்காகச் செய்யப்பட்ட சின்ன மோட்டார், நிமிஷக்கணக்கில் ஓடுகிறது. காற்றை அழுத்தினால் சூடு கிளம்பும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சூட்டில் பிஸ்டன் ரிங் தேய்கிறது. ரிங் தேய்ந்தால் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாததால் இன்னும் அதிக நேரம் ஓடுகிறது. கடைசியில் நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் அவன் சொன்னான், அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். கம்ப்ரசரோடு டிரையர் என்று ஒரு குடுவை இருக்கிறது. புதிய செருப்புப் பெட்டியில் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதுபோல ஈரம் உறிஞ்சும் குருணை அதற்குள் இருக்கும். உள்ளே போகிற காற்றின் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கும்போது பலூனிலிருந்து காய்ந்த காற்று அதே வழியாகத் திரும்பி வெளியேறும்; போகிற போக்கில் குருணையிலிருந்த ஈரத்தையும் வெளியே கொண்டுபோய்விடும். குருணை மறுபடி காய்ந்துவிடும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள். ஆனால் பலூனில் ஓட்டை இருந்தால்? காற்று அந்த ஓட்டை வழியாகவே போய்விடுகிறது. டிரையர் வழியாகத் திரும்பி வருவதே இல்லை. குருணை ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது, விட வழியில்லை. கடைசியில் ஈரம் வால்வுகளுக்குள் போய்த் துருப்பிடிக்கிறது. நம் கடற்கரைக் காற்றில் ஈரமும் அதிகம், உப்பும் அதிகம். கேட்க வேண்டுமா?

ஆக, முதல் தடவை மாற்றிய கம்ப்ரசரிலும் குறை இல்லை, இரண்டாவதிலும் குறை இல்லை. கசிவைப் பார்க்காமல் எத்தனை புதுசு போட்டாலும் அதுவும் சாகத்தான் செய்யும்.

அடுத்த கேள்வி, கம்ப்ரசரை மாற்றுவதா, சரிசெய்வதா? அதற்கும் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. கழற்றி, சிலிண்டரின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினான். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. "கோடு விழுந்திருந்தா புதுசுதான் போடணும் டீச்சர். ரிங் மட்டும் மாத்துனா ரெண்டு மாசத்துல மறுபடி தேஞ்சிரும். மோட்டார்ல கருகல் வாசம் வந்தாலும் புதுசுதான். இது தப்பிச்சிட்டு, ரிங் கிட் போதும்" என்றான். எட்டு மாதக் கம்ப்ரசர் அல்லவா, சூடேறியபோது தானாக நின்று தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பலூனும் ரிங் கிட்டும் சென்னையிலிருந்து ஆம்னி பஸ் பார்சலில் வந்தன. மறுநாள் பலூனை மாட்டினான். வண்டியின் பாரத்தை இறக்குவதற்கு முன்பே அதில் காற்றை ஏற்றினான். காற்றில்லாத புதுப் பலூன் மேல் பாரம் விழுந்தால் மடிப்பு தப்பாக விழுந்து அன்றைக்கே கிழியுமாம். டிரையரின் குருணையைக் கொட்டிப் புதுசு போட்டான். கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேயையும் மாற்றினான். "அது நல்லாத்தானே இருக்கு?" என்றதற்கு, "இவ்வளவு நேரம் ஓடுன ரிலே உள்ள ஒட்டிக்கிட்டா, கார் நின்ன பெறகும் கம்ப்ரசர் ஓடிக்கிட்டே கெடக்கும். பேட்டரியும் போவும், கம்ப்ரசரும் போவும். சின்ன காசு பாத்து பெரிய காசு விடக் கூடாது" என்றான்.

மொத்தச் செலவு கூலியோடு இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. ஸ்டார்ட் செய்தோம். கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடியது, நின்றது. வண்டி சமமாக நின்றது. மறுநாள் காலை அதே டேப்பால் நாலு மூலையையும் நானே அளந்து அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒரு மில்லிமீட்டர் மாறவில்லை. வகுப்பில் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கத் திணறிய பிள்ளைக்கு, அன்றைக்கு நூற்றுக்கு நூறு என்று பதில் போட்டேன். அவன் ஒரு கும்பிடு படம் அனுப்பினான்.

இந்த இரண்டு நாளும் என் அக்கா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டி படுத்துக் கெடந்தப்பதான் எனக்கு ஏற வசதியா இருந்துச்சு" என்று அவள் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் வேறு ஒன்றைக் கிளப்பிவிட்டது.

சென்னையில் 2024 ஆகஸ்ட் மாதம் மாநகரப் போக்குவரத்துக் கழகம் தாழ்தளப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு வந்தவை. அந்தப் பேருந்தில் தளம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர்தான். சாதாரணப் பேருந்தில் 90 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். நிறுத்தத்தில் நின்றதும் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினால், பலூனில் இருந்து காற்று குறைந்து பேருந்து பக்கவாட்டில் மண்டியிட்டது போல இன்னும் இறங்கும். சக்கர நாற்காலியில் வருகிறவர் சாய்தளத்தின் வழியே யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் ஏறலாம். எங்கள் அக்காவின் கார் செய்கிற அதே வேலை. லட்சங்களைப் போட்டுக் கார் வாங்க முடியாதவர்களுக்கும் அது கிடைக்கிறது.

நம் பக்கம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் கிடையாது. நல்ல காரியம். ஆனால் ஒட்டப்பிடாரம் பஸ் நிறுத்தத்தில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மிளகாய் மூட்டையோடும், மருந்துச் சீட்டோடும் வருகிற ஆச்சிமார் முதல் படியில் கால் வைக்க என்ன பாடு படுகிறார்கள் என்று தெரியும். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையால் சேலையைத் தூக்கி, பின்னால் நிற்கிறவள் இடுப்பில் முட்டுக் கொடுத்து ஏற்ற வேண்டும். டிக்கெட் இலவசம், படி இன்னும் உயரம். சென்னைக்கு வந்தது நம் கிராமச் சாலைக்கும் ஒருநாள் வர வேண்டும். அப்படி வரும்போது, வாங்குவதோடு முடிந்துவிடாது. பலூனையும் கம்ப்ரசரையும் பார்த்துப் பராமரிக்க, சாக்பீஸ் எடுத்து அளக்கிற பொறுமை உள்ள பிள்ளைகள் டெப்போவில் வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது, பேருந்து மண்டியிடாது, பழைய கதைதான்.

கம்ப்ரசர் என்றதும் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வேறு ஞாபகம் வந்திருக்கும். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961ல். அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். இப்போது சங்கு குளிக்கப் போகிறவர்கள் படகில் கம்ப்ரசரை வைத்து, ரப்பர் குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஆழத்தில் நேரம் தங்குகிறார்கள். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். அவசரமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழியாகக் கிளம்பும். மூட்டுவலியில் ஆரம்பித்துக் கை கால் விளங்காமல் போவது வரை போகும். என்ஜின் புகை கம்ப்ரசரின் வாய்க்குள் போனால் இன்னும் ஆபத்து. என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால், தயவுசெய்து மெதுவாக ஏறுங்கள். கூலி பெரிதில்லை. சொல்லாமல் போகிற காற்றைப் பற்றி அந்தக் கொட்டகைப் பிள்ளை சொன்னது உங்களுக்கும்தான்.

ஆசிரியராக இருந்தவளுக்கு ஒரு பாடத்தை நடத்தினால் பள்ளிக்கூடம் ஞாபகம் வராமல் இருக்காது. நான் வேலை பார்த்த ஒரு ஈராசிரியர் பள்ளியில், கூட இருந்தவர் மாதத்தில் பாதி நாள் வேறு வேலை என்று போய்விடுவார். ஐந்து வகுப்பையும் ஒரே ஆளாக இழுத்த ஒரு இளம் ஆசிரியை, இரண்டாம் வருஷம் உடம்பு முடியாமல் மாறுதல் வாங்கிக்கொண்டு போனாள். அடுத்து வந்தவளும் அப்படியே போனாள். "இப்ப வர்ற பிள்ளைங்களுக்குத் தெம்பு இல்ல" என்று பேசிக்கொண்டார்கள். தெம்பு இல்லாததா காரணம்? குடும்பங்களிலும் இதேதான். யாரோ ஒருவர் ஓயாமல் ஓடி எல்லாவற்றையும் சமமாக வைத்திருப்பார். அவர் விழும்போது அவருக்கு என்ன குறை என்றுதான் எல்லோரும் கேட்போம். எந்த மூலையில் கசிகிறது என்று யாரும் டேப் எடுத்து அளப்பதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஓடுகிறவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள், போதும்.

இனி, வண்டி வைத்திருப்பவர்களுக்காக அந்தத் தம்பி சொன்னதைத் தொகுத்துத் தருகிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. இரவில் சமமாக நின்ற வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்திருந்தால், அது கசிவு. கம்ப்ரசர் இன்னும் நன்றாக இருக்கும்போதே அந்த மூலையைப் பாருங்கள்.

2. கம்ப்ரசர் சத்தம் முன்பைவிட அதிக நேரம் கேட்டால் அதுதான் முதல் எச்சரிக்கை. சிவப்பு விளக்கு வருகிற வரை காத்திருக்காதீர்கள்.

3. "கம்ப்ரசர் மாத்தணும்" என்று யார் சொன்னாலும், "கசிவு பார்த்தாச்சா? எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். சோப்புத் தண்ணீர் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

4. கம்ப்ரசரைச் சரிசெய்தாலும் மாற்றினாலும் ரிலேயையும் டிரையரையும் சேர்த்துப் பாருங்கள்.

5. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.

6. படுத்த வண்டியை ஓட்டாதீர்கள். பஸ், லாரி டிரைவர்கள் காற்று குறைவு என்று எச்சரிக்கை வந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. பிரேக்குக்குத் தனியாகக் காற்றைக் காக்கிற வால்வு உண்டுதான். அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

7. ஸ்டாண்டு கொடுக்காமல் எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள். ஜாக்கி மட்டும் போதாது. பலூன் தாங்குவது ஒரு தாங்கலே இல்லை. உங்கள் கொட்டகையில் வேலை பழகுகிற சின்னப் பையன்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

ஏழாவதை மட்டும் அச்செடுத்து ஒர்க்‌ஷாப்பில் ஒட்டினாலும் எனக்குச் சந்தோஷம்.

பதிவைப் பகிர்கிறவர்கள் தாராளமாகப் பகிருங்கள். டிரெய்லர், பஸ் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் வேறு யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

வழக்கம் போல ஒரு வீட்டுப்பாடம். கடும் வெயிலில் நிற்கிற காரின் பலூனில் காற்றின் அழுத்தம் கூடுமா, குறையுமா? ஏன்? ஒரே வரியில் பதில் எழுதுங்கள். பேரப்பிள்ளைகளிடம் கேட்டு எழுதினாலும் மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பாஞ்சாலங்குறிச்சி.